ஸ்டியரிங்கில் இன்னொரு கை

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். அவரிடம் படித்தவர்களிலேயே அதிகமாகத் திட்டு வாங்கியவள் நான்தான். பெண்டாட்டிக்குச் சலுகை காட்டினால் தொழில் என்னாவது! பக்கத்து சீட்டில் அவருக்கென்று தனி பிரேக் உண்டு. ஸ்டியரிங்குக்கு மட்டும் ஒரே சட்டம்: "என் கை பட்டுச்சுன்னா உன் கைய எடுத்துடணும். ரெண்டு பேரும் இழுத்தா வண்டி யார் சொல்றத கேக்கும்?"

அவர் போய் ஒரு வருடமாகிறது. பழைய வண்டியும் படுத்துவிட்டது. மகள் புது வண்டி வாங்கிக் கொடுத்தாள், கூடவே ஒரு நிபந்தனையும்.

"நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன். சரிப்பட்டு வரலேன்னா வீட்டப் பூட்டிட்டு என்கூட கிளம்பிடணும். பஸ்ஸே வராத இடத்துல உன்ன தனியா விட்டுட்டு எனக்கு சோறு எறங்கலம்மா."

அவள் வீட்டில் எனக்கொரு அறை தயாராக இருந்தது. நல்ல அறைதான். ஆனால் என் அடுப்படியை விட்டுவிட்டு நான் எதற்குப் போகவேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயிலுக்கு அவளைக் கொண்டுவிடக் கிளம்பினோம். அதுதான் எனக்குப் பரீட்சை. பின்னால் எடுத்தால் வண்டி கத்துகிறது. பக்கத்தில் ஸ்கூட்டர் வந்தால் கண்ணாடியில் விளக்கு எரிகிறது. முன்னால் போகிறவனை நெருங்கினால் அதற்கொரு சத்தம்.

"உங்கப்பா மாதிரியே நச்சரிக்குதுடி," என்றேன். அவள் சிரித்தாள். யாராவது நச்சரித்து எவ்வளவு நாளாயிற்று!

பேச்சு சுவாரசியத்தில் இண்டிகேட்டர் போட மறந்துவிட்டேன். ஓரமாக ஒரு லாரி நின்றிருந்தது. அதைத் தாண்ட விலகி, சாலை நடுவிலிருந்த வெள்ளைக் கோட்டைத் தொட்டேன். ஸ்டியரிங் என் கைக்குள்ளேயே மெதுவாக ஓரத்துப் பக்கம் திரும்பிற்று. நான் இரண்டு கையையும் எடுத்துவிட்டேன்.

"அம்மா!"

வண்டி நேராக லாரியை நோக்கிப் போய், தானே பிரேக் போட்டு ஒரு முழம் தள்ளி நின்றது. பெல்ட் நெஞ்சை அழுத்தியது.

"ஏம்மா கைய எடுத்த?"

"அப்பா பிடிச்சுட்டார்னு நெனச்சேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்மா. எறங்கு, நான் ஓட்டறேன். இன்னிக்கு ஊருக்குப் போகல. நாளைக்கு உன் சாமானையெல்லாம் கட்டிடலாம்," என்றாள்.

நான் இறங்கவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து ஓரங்கட்டி, டாஷ்போர்டிலிருந்த, வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் வண்டியே ஸ்டியரிங்கை லேசாக உள்ளே இழுக்குமாம், அவ்வளவுதான். நாம் திருப்பினால் நம் பக்கமே வந்துவிடுமாம். கையை எடுக்கவே கூடாதாம், பொறுப்பு முழுக்க ஓட்டுகிறவருடையதாம்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது அழுகை. அவர் இருந்தவரை எந்தப் பொறுப்பும் முழுக்க என்னுடையதாக இருந்ததில்லை. அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு இப்படியா போவார் ஒரு மனுஷன்!

"ஸ்டேஷன் வரைக்கும் நான்தான் ஓட்டுவேன். அதுக்கப்புறம் நீ சொல்றத கேக்கறேன்," என்றேன்.

ஆளில்லாத சாலையில் வேண்டுமென்றே கோட்டைத் தொட்டேன். இழுத்தது. விடாமல் பிடித்து என் பக்கம் திருப்பினேன். பேசாமல் வந்தது. இன்னொரு முறை இண்டிகேட்டர் போட்டுவிட்டு விலகினேன், இழுக்கவே இல்லை. அட, இவ்வளவுதானா! மகள், ஜன்னலுக்கு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் கைகளையே பார்த்தபடி வந்தாள்.

ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினேன். அவள் இறங்கிப் பையைத் தோளில் மாட்டினாள். ரயிலுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. என்ன சொல்லப்போகிறாளோ! ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"அடுத்த வாரம் காலைல ஏழு மணி ரயிலுக்கு வரேன். என்னக் கூட்டிட்டுப் போக வண்டிய எடுத்துட்டு வந்துடும்மா."