மோத்திக்கு மூன்று வேளை

...பார்க்கக் கூடாது என்றால் கண்ணால் பார்க்காமல் இருந்தால் போதுமா, இல்லை அங்கே ஒரு நாய் இருக்கிறது என்ற நினைப்பே வராமல் இருக்க வேண்டுமா, அதை அந்தக் கேம்ப்காரன் உதயசூரியன் சொல்லவில்லை, ரெண்டு நாளைக்கு நீங்க அதப் பாக்கக் கூடாதுக்கா, கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது, சோறு நான்தான் வைப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த டெண்ட்டுக்கு முளை அடிக்கப் போய்விட்டான், அதனால் நேற்று மத்தியானத்திலிருந்து சுகுணா கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கடலைப் பார்த்தால்தான் மோத்தியைக் கட்டியிருக்கிற மரம் முதுகுப் பக்கம் வரும். எங்கெங்கிருந்தோ ஆட்கள் விமானம் ஏறி வந்து இந்தக் கடலைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், அவளுக்கு அது பள்ளிக்கூடத்தில் சுவரைப் பார்த்து நிற்கவைத்த மாதிரி இருந்தது. காலை ஆறு மணிக்கே வெயில் நெற்றியில் குத்தியது, முழங்காலுக்குக் கீழே மணல் ஈ கடித்துக் கடித்துத் தடிப்பு தடிப்பாக எழும்பியிருந்தது, சொறிந்தால் இன்னும் பத்து நாளைக்கு ஆறாது, சொறியாமல் இருக்க முடியவில்லை... மணிக்கட்டில் இன்னொரு நாய் புரூனோவின் கயிறு வேறு, அது நண்டைக் கண்டாலும் இழுக்கும், அலையைக் கண்டாலும் இழுக்கும், முப்பத்திரண்டு கிலோ, ரெண்டு நாளாக அதன் மறுமுனையில் அவள்தான்.

தீவில் ரங்கத் டவுனிலிருந்து அரை மணி நேரம் உள்ளே வந்தால் இந்த கேம்ப், ஆறு டெண்ட், ஒரு தகரக் குளியலறை, உதயசூரியனும் அவன் மனைவி ஜெயலட்சுமியும். நாயோடு தங்கலாம் என்று போர்டில் எழுதியிருக்கும், ஆனால் தீவில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த போர்டு வேறு ஒரு காரணத்துக்காகத் தெரியும். ரெண்டு நாயோடு வருவார்கள், ஒரு நாயோடு போவார்கள், ஒரு நாயோடு வந்து நாயே இல்லாமலும் போவார்கள். மெயின்லேண்டுக்கு மாற்றலாகிற எல்லோருக்கும் இதே கஷ்டம்தான், கப்பலில் கூட்டிப் போக சர்டிபிகேட், கூண்டு, ஆள், போய் இறங்கினால் ஃபிளாட்டில் ஆயிரம் சட்டம். ஒரே நாளில் விட்டுவிட்டுப் போனால் நாய் ரோட்டுக்கு ஓடி பஸ்ஸைத் துரத்தும் என்பதால் உதயசூரியன் இந்த ரெண்டு நாள் முறையை வைத்திருந்தான், விடுகிறவர்கள் கண்ணெதிரில் இருக்க வேண்டும், ஆனால் இல்லாத மாதிரி இருக்க வேண்டும், அப்போது நாய்க்குத் தானாக வெறுத்துவிடுமாம், சோறு போடுகிற கை எதுவோ அந்தப் பக்கம் திரும்பிவிடுமாம். இப்படி விட்டுப் போனதை எல்லாம் அவன் டிரான்ஸ்பர் நாய் என்பான், சிரித்துக்கொண்டே. ஏற்கெனவே இருந்தவற்றைப் புதியதோடு சண்டை வரக் கூடாதென்று சமையல்கட்டுக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்தான், அவை விட்டு விட்டுக் குரைத்தன, மோத்தி மட்டும் ஒரு சத்தமும் போடவில்லை. அதுதான் சுகுணாவை என்னவோ செய்தது. ஒரு தடவை ஊளையிட்டால் என்ன, கயிற்றை இழுத்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொண்டால்தான் என்ன, அவளுக்கு ஏதாவது ஒரு பிடி கிடைக்குமே.

அவள் மனசுக்குள் ஒரு பேரம் வைத்திருந்தாள். புருசன் யோகராஜுக்குக்கூடச் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பான், பேங்கில் கணக்குப் பார்க்கிற மனுசன் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்வான். நேற்று மத்தியானம், நேற்று சாயங்காலம், இன்று காலை, மூன்று வேளை, மோத்தி மூன்று வேளையும் சாப்பிடாமல் இருந்துவிட்டால் அவள் வாயைத் திறப்பாள், இதையும் கூட்டிக்கொண்டு போவோம், இல்லாவிட்டால் நான் வரவில்லை, நீங்களும் புரூனோவும் தாம்பரத்துக்குப் போங்கள், அங்கே காலேஜில் படிக்கிற மகள் சௌமியா உங்களுக்குச் சமைத்துப் போடட்டும் என்று. ஃபிளாட் அசோசியேஷனில் ஒரு நாய்க்குத்தான் அனுமதி என்றால் வேறு ஃபிளாட் பார்க்கட்டுமே. இத்தனையும் சொல்லத் தயாராக இருந்தாள். மோத்தி சாப்பிடாமல் இருந்தால் போதும். ஒரு நாய் சாப்பிடாமல் இருப்பதை நம்பியா ஒரு பெண்பிள்ளை தன் புருசனிடம் பேச வேண்டும், இருபத்திரண்டு வருசக் குடும்பத்தில் சொந்தமாக ஒரு வார்த்தை சொல்ல ஒரு நாயின் பட்டினி வேண்டியிருக்கிறதா... ஆனால் நேற்று மத்தியானம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை எடுக்கிற சத்தம் கேட்டது, தட்டு காலிக்கா என்று உதயசூரியன் ஏதோ நல்ல சேதி மாதிரிச் சொன்னான். சாயங்காலமும் அப்படியே. ஆமை முட்டையிடுகிற மாதம், பொழுது சாய்ந்தால் எல்லா நாயையும் கட்டத்தான் வேண்டும் என்று வனத்துறை உத்தரவு, அதனால் புரூனோவும் கட்டப்பட்டுக் கிடந்தது, அது அவள் தட்டிலிருந்த மீன் பொரியலைப் பார்த்து எச்சில் வடித்தது, முதுகுக்குப் பின்னால் மறுபடியும் தட்டு எடுக்கிற சத்தம், காலிக்கா. ரெண்டு வேளை. ஐந்து வருசம் தன் கையால் பிசைந்து போட்ட சோறு, அபர்டீன் பஜாரில் காய்கறி வண்டிக்கு அடியில் மழையில் நடுங்கிக்கொண்டிருந்ததைத் துணிப்பையில் போட்டு ஆட்டோவில் கொண்டு வந்தவள் அவள், சூடாக இருந்தால் தொடாது, முள் இருந்தால் தொடாது, அவ்வளவு செல்லம், இங்கே வந்து எவனோ வைத்த ரொட்டியையும் மீன் தலையையும் மிச்சமில்லாமல்... நன்றி கெட்ட ஜென்மம் என்று வாய்வரை வந்தது, யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அதற்குப் பின்னாலேயே வந்தது, அவள் ஒரு ஈயை ஓங்கி அடித்தாள், காலில் ரத்தப் பொட்டு.

ஜெயலட்சுமி டீ கொண்டு வந்தாள். சின்னப் பெண், பேசுவதற்கு ஆள் கிடைத்த சந்தோசத்தில் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள், புரூனோவின் காதைத் தடவிக்கொண்டே தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், மழைக் காலத்தில் ஒருத்தரும் வர மாட்டார்கள், அப்போது நாய்கள்தான் துணை, மூணு இருந்துச்சுக்கா, இப்ப ரெண்டுதான் என்றாள். சுகுணா ஏதோ கேட்க வேண்டுமே என்று மூன்றாவது எங்கே என்று கேட்டாள்.

"ஓடைப் பக்கம் போயிருச்சுக்கா."

"போயிருச்சுன்னா?"

"முதலை" என்றாள் ஜெயலட்சுமி, பஸ் தவறிவிட்டது என்று சொல்வது போல. "நல்ல நாய்க்கா, ஓடைகிட்ட ஆள் போனா விடாது, குரைச்சுக் குரைச்சு திருப்பி அனுப்பிரும். அது இல்லாம இவருக்குக் கை ஒடிஞ்ச மாதிரி ஆயிருச்சு. அதான் உங்க சார் போன் பண்ணினதும் உடனே வாங்கன்னுட்டாரு."

டீயில் இஞ்சி தூக்கலாக இருந்தது. சுகுணா முழுவதையும் குடித்தாள், வைத்துவிட்டு எழுந்து போய்க் கத்தியிருக்க வேண்டாமா, குடித்து முடித்து கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள். யோகராஜ் டெண்ட்டுக்குப் பின்னால் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஓடையில் முதலை இருக்கிறதாமே, இவர்களுடைய நாயை அது கொண்டுபோய்விட்டதாமே என்று கேட்டாள். அவன் சுருட்டுவதை நிறுத்தவில்லை. அரே, தீவு முழுக்க முதலைதான் இருக்கு, ரோட்டுல லாரி இல்லையா, புரோத்ராபூர்ல நம்ம வாசல்லயே எத்தனை நாய் அடிபட்டுச் செத்திருக்கு என்றான். உங்களுக்கு முன்னாடியே தெரியுமா என்று கேட்டாள். தெரியும், சொன்னா நீ மனசு மாறுவே, மாறினா நாம ரெண்டு பேரும் கிடந்து அல்லாடணும் என்றான், அதைக் கோபமில்லாமல் சொன்னான், அதுதான் அவனிடம் அவளுக்கு ஆகவே ஆகாத விஷயம், எதையும் கோபமில்லாமல் சொல்லிவிடுவான், எதிராளிதான் கத்தி அசிங்கப்பட வேண்டும். பிறகு படுக்கையின் மேல் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நான் முடிவு பண்ணின மாதிரிப் பேசாதே சுகுணா. எதைக் கூட்டிட்டுப் போலாம்னு நான் உன்னைத்தான் கேட்டேன். நீதான சொன்ன, புரூனோவுக்கு வெளியில பொழைக்கத் தெரியாது, மோத்தி எங்க விட்டாலும் பொழைச்சுக்கும்னு."

ஆமாம், சொன்னாள். அடுக்களையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், கை முழுக்கச் செதில், அவன் வாசற்படியில் நின்று கேட்டான், அவள் நிமிரக்கூட இல்லை, யோசிக்க ரெண்டு நொடி ஆகியிருக்குமா, சொல்லிவிட்டாள். சொன்ன பிறகும் மீனைத்தான் ஆய்ந்தாள். அந்த வாக்கியம் எங்கிருந்து அவ்வளவு சுத்தமாக, கழுவி வைத்த பாத்திரம் மாதிரி, அவள் வாயில் வந்தது என்று இப்போது, இந்தச் சூடேறுகிற மணலில் நிற்கும்போதுதான் தெரிந்தது, அது அவளுடைய வாக்கியமே இல்லை, அம்மாவுடையது. கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் ரெண்டு பெண் பிள்ளைகள், பானுவுக்கு இளைப்பு, ராத்திரி எல்லாம் யாராவது தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், சுகுணாவை எங்க விட்டாலும் பொழைச்சுக்குவா என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த அந்த மாதமே அவளை ஒன்பது வயதில் கப்பலேற்றி புரோத்ராபூரில் சித்தி வீட்டில் விட்டார்கள், நல்ல பள்ளிக்கூடம் என்றார்கள். சித்தி ரொட்டியும் சம்பலும் வைத்தாள், அதை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா பின்வாசல் வழியாகப் போய்விட்டாள், கப்பலுக்கு நேரமாகிவிட்டதாம். பின்னால் வருசக்கணக்காக அம்மா இதை எல்லோரிடமும் ஒரு வேடிக்கையாகச் சொன்னாள், புள்ள அழவே இல்ல, தட்டை வழிச்சு வச்சிருந்தாளாம், சித்திக்காரி கடுதாசி எழுதியிருந்தா என்று. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள், காது மட்டும் சுடும். சாப்பிட்டாளா? நிஜமாகச் சாப்பிட்டாளா? வெள்ளை எனாமல் தட்டு, விளிம்பில் நீலம், அது காலியாக இருந்தது நினைவிருக்கிறது, மென்றது நினைவில்லை, உறைத்தது நினைவில்லை... சித்தி வீட்டுக் கோழிகள் அங்கேதானே மேய்ந்துகொண்டிருந்தன. எப்படியோ, தட்டு காலி. அதற்குப் பிறகு அவளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, யாரையாவது எங்காவது விட வேண்டுமென்றால் அவளைத்தான் விட்டார்கள், விடுதியில், பெரியம்மா வீட்டில், கடைசியாக இந்த மனுசனிடம்.

அப்படியென்றால் இவ்வளவு நாள் யார் மேல் எரிச்சல். யோகராஜ் மேலா, அவன் வெறும் கேள்விதான் கேட்டான். அம்மா செத்து ஆறு வருசம் ஆகிறது. பானுவுக்கு இன்னும் இளைக்கிறது. அவள் திரும்பி வந்து கடலைப் பார்த்து உட்கார்ந்தாள், முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தட்டு வைக்கிற சத்தம் கேட்டது, அவளையறியாமல் கால் கட்டைவிரலை மணலுக்குள் புதைத்துக்கொண்டு, சாப்பிடாதே என்று சொன்னாள், வாய்க்குள்ளேயே சொன்னாள், தயவுசெய்து தின்னு தொலைக்காதே, நீ சமத்து என்று அவர்களுக்குக் காட்டாதே, சமத்தாக இருக்கிறவர்களைத்தான் விட்டுவிட்டுப் போவார்கள், ஊளையிடு, கடித்து வை, ஒரு வேளை, இந்த ஒரே ஒரு வேளை... புரூனோ அவள் தோளில் எச்சில் வைத்தது. ஜீப்பின் பின்கதவு திறந்து மூடியது. யோகராஜ், காட்டு வழியே வண்டிகளை மொத்தமாகச் சேர்த்து அனுப்புகிற கான்வாயின் நேரத்தைச் சொல்லிக் குரல் கொடுத்தான், தடுப்புக் கேட்டைத் தவறவிட்டால் காட்டு ரோட்டில் தனியாக விட மாட்டார்கள், அடுத்த கான்வாய்வரை வெயிலில் காய வேண்டியதுதான். தட்டு எடுக்கிற சத்தம்.

"காலிக்கா" என்றான் உதயசூரியன். "சொன்னேன்ல, இது பொழைச்சுக்கும்."

அவ்வளவுதான். மூன்று வேளை. அவள் தோற்றுப்போனாள், அதில் ஒரு நிம்மதியும் இருந்தது, அந்த நிம்மதியை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது, இனி வாயைத் திறக்க வேண்டாம், சண்டை வேண்டாம், கூண்டு வேண்டாம், சர்டிபிகேட் வேண்டாம், மோத்தியே முடிவு செய்துவிட்டது. புரூனோவை ஜீப்பில் ஏற்றினார்கள். ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது, கழுத்துப் பட்டை, அதில் யோகராஜின் போன் நம்பர் தைத்திருந்தது, அதைப் பழைய ஆட்களே கழற்ற வேண்டும் என்பது உதயசூரியனின் கடைசிக் கணக்கு, கழற்றிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருங்கக்கா, அப்ப அதுக்கு விளங்கிரும் என்றான். யோகராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நீ போ என்று கண்ணைக் காட்டினான். ரெண்டு நாளில் முதல் தடவையாக அவள் மரத்தைப் பார்த்து நடந்தாள்.

மோத்தி படுத்திருந்தது. எழுந்திருக்கவில்லை, வாலை மட்டும் ஒரு தடவை மணலில் அடித்து நிறுத்திக்கொண்டது. அவள் குந்தி உட்கார்ந்து பட்டையின் பக்கிளில் விரலை வைத்தபோது வலது குதிங்கால் ஏதோ பொதபொதப்பில் அமிழ்ந்தது. மரத்தின் ரெண்டு வேருக்கு நடுவில் மணல் ஈரமாக, கிளறிவிட்ட மாதிரி, உயர்ந்திருந்தது. இன்னொன்று பக்கத்தில், இன்னொன்று மோத்தியின் வயிற்றை ஒட்டி. அவள் விரலால் தள்ளினாள். ரொட்டி, அப்படியே வட்டமாக, அதன் மேல் மீன் தலை, எறும்பு. அடுத்ததைத் தள்ளினாள், அதிலும் ரொட்டி. மூன்றாவதில் கையை வைத்தபோது மணல் கதகதப்பாக இருந்தது, ரொட்டியின் சூடு இன்னும் போகவில்லை.

ஒன்றுகூடத் தின்னவில்லை. அப்படியானால் அவள் ஜெயித்துவிட்டாளா, இப்போதே எழுந்து போய்ச் சொல்ல வேண்டுமா... ஆனால் நாய்கள் நாளைக்கு வேண்டும் என்றால் அல்லவா புதைத்து வைக்கும், இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று தெரிந்தால் அல்லவா புதைத்து வைக்கும். வீட்டில் இது எதையும் புதைத்ததில்லை. வீட்டில் எல்லாம் சிமெண்டுத் தரை, புதைக்க எங்கே இடம். வேண்டாமென்று ஒதுக்கியதா, சேர்த்து வைத்ததா, எப்படித் தெரிந்துகொள்வது, யாரைக் கேட்பது. ஜீப்பிலிருந்து ஹாரன், ஒரு தடவை, மரியாதையாக. அவளுடைய விரல் பக்கிளின் மேலேயே இருந்தது. மோத்தி தலையைத் தூக்கி அவளைப் பார்க்கவில்லை, அவள் திறந்து வைத்த குழியைப் பார்த்தது, பிறகு அவள் கையை முகவாயால் மெதுவாக ஒதுக்கிவிட்டு, மூக்கின் நுனியால் மணலைத் தள்ளித் தள்ளி ரொட்டியை மறுபடியும் மூட ஆரம்பித்தது.