மாப்பிள்ளையின் இரண்டாவது தட்டு

"கார்த்திகை தீபத்துக்கு அப்புறம் இந்த ஊரே கூடி நின்னு பாத்தது, நேத்து எம் பொண்ணு நூடுல்ஸ் சாப்ட்டதைத்தான்டா! போளூர் ரோட்ல பஸ்ஸெல்லாம் நின்னுபோச்சு. மலையே கொஞ்சம் சாஞ்சு எட்டிப் பாத்துது!"

தசரதன் இப்படிச் சொன்னபோது அவர் மச்சான் பலராமன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றிருந்தான். சமையலறையில் தசரதனின் மனைவி வள்ளி மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. இந்த வரனைக் கொண்டுவந்தவனே பலராமன்தான்.

"வெளையாடாதீங்க மாமா. அவங்க வீட்ல இருந்து ஒரு பதிலும் வரல. என்னதான் நடந்துச்சு?"

"அதான் சொல்றேனே. மாப்பிள்ளைக்குன்னு வந்த தட்டை எடுத்து வெச்சிக்கினு, அவங்க ஒம்போது பேரு எதிர்ல ஒக்காந்து, ஒரு இழை மிச்சமில்லாம சாப்ட்டா."

"யாரு, எழிலா? அது வாயத் தொறந்து தண்ணி கேட்டே நான் பாத்ததில்ல. புளுகுக்கும் ஒரு அளவு வேணாமா?"

அளவைப் பற்றி தசரதனிடம் யாரும் பேச முடியாது. முப்பத்து நான்கு வருஷம் சர்வே ஆபீசில் சங்கிலி பிடித்து, அங்குலம் பிசகாமல் நிலம் அளந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அவர் எதையுமே அளவோடு சொன்னதில்லை. வேங்கிக்காலில் அவர் வீட்டுக் கொசு காக்கா அளவு இருக்கும். அதனால் பலராமன் நம்பாததில் தப்பில்லை.

அந்தப் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள், சம்மதம் சொல்கிறவரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. அப்புறம் வேண்டாமென்பது மரியாதை இல்லை. டவுனில் ஓட்டல்கள் பெருகியதும் யாரோ ஒரு புத்திசாலி இதற்கும் வழி கண்டுபிடித்தான். பெண்ணை ஓட்டலில் பார்த்துவிட்டால், பெண் வீட்டார் செலவிலேயே வயிறாரச் சாப்பிடலாம், ஏப்பமும் விடலாம், ஆனால் கை நனைத்ததாக ஆகாது. எழிலரசியை இப்படிப் பதினொரு குடும்பங்கள் இட்லியோடும் பூரியோடும் பரோட்டாவோடும் பார்த்துவிட்டுப் போயிருந்தன. அந்த மேசையில் பெண் மட்டும் சாப்பிடக் கூடாது. தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். எழிலுக்கு முப்பத்தொரு வயது. "இதுவும் தட்டிப் போச்சுன்னா இனிமே எவனும் வாசப்படி ஏற மாட்டான்" என்று வள்ளி சொல்லியிருந்தாள்.

பன்னிரண்டாவது குடும்பம் முந்தின நாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் வந்தது. மாப்பிள்ளை பிரகாஷ், அவன் அம்மா சந்திரம்மாள், மற்றும் ஏழு பேர். வேனை விட்டு இறங்கும்போதே, "இட்லி தோசை எங்கூர்லயே இருக்குது. நூடுல்ஸ் கடைக்குப் போலாம்" என்றாள் சந்திரம்மாள்.

புதிதாகத் திறந்த கடை. கடைக்காரர் வாணலியைக் குலுக்கினால் தீ கூரை வரைக்கும் எழும்பும். தொலைவில் இருக்கும் செங்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும் என்பார் தசரதன். மூன்று மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டார்கள். தட்டுகள் தயாரானதும் சந்திரம்மாள் பரிமாறுகிறவரைக் கையமர்த்தினாள்.

"நீ இருப்பா. பொண்ணு வைக்கட்டும். கை வாகு எப்படின்னு பாக்கணும்ல?"

எழில் எழுந்தாள். பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்து மேசைக்காரர்கள் பார்க்க, அடுப்பிலிருந்து ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்பது பேருக்கும் வைத்துவிட்டு, அப்பாவுக்கும் ஒன்று வைத்தாள். வள்ளிக்கு அன்று கிருத்திகை விரதம்.

"அப்படியே கல்லா வரைக்கும் போய்ட்டு வாம்மா, நடை பாக்கலாம்."

போய்விட்டு வந்தாள்.

"சவுரி வெச்சிருக்கியா? திரும்பு."

திரும்பினாள். கூட வந்த ஒரு பெண் சடையை இழுத்தே பார்த்தாள். கல்லாவில் இருந்தவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிரகாஷின் தட்டு காலியானது. "தம்பிக்கு இன்னொரு தட்டு வை" என்றாள் சந்திரம்மாள்.

எழில் போய் எடுத்து வந்தாள். ஆவி பறந்தது. பிரகாஷ் தன் காலித் தட்டை நகர்த்தி இடம் பண்ணினான். அவள் அவனைத் தாண்டிப் போய், மேசைக் கடைசியில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தட்டை முன்னால் வைத்தாள்.

"அது யாருக்கும்மா?"

"எனக்குங்க. காத்தாலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. பசிக்குது."

குரல் உயரவில்லை. முள்கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். வள்ளி மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள். எழில் காலை இழுத்துக்கொண்டு அடுத்த வாய் எடுத்தாள். கோபமாகச் சாப்பிட்டிருந்தால்கூடத் தேவலை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மாதிரி, நிஜமான பசியோடு சாப்பிட்டாள். ஒன்பது பேரும் வாயில் இருந்ததை மெல்லவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தசரதன் அப்போதுதான் தன் தட்டைப் பார்த்தார். அது முக்கால்வாசி காலியாகியிருந்தது. பன்னிரண்டு தடவையும் அவர் அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு தடவையும் சாப்பிட்டிருந்தார். வந்தவர்கள் சிரிக்கும்படி கதை சொல்லியிருந்தார். அவள் முன்னால் தட்டு இல்லை என்பது ஒரு தடவைகூட அவர் கண்ணில் படவில்லை. மிச்சம் இருந்ததை அப்படியே தள்ளி வைத்தார்.

இதைத்தான் அவர் பலராமனிடம் சொல்லவில்லை. பஸ் நின்றதையும் மலை சாய்ந்ததையும் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் நேர்லயே போய்க் கேட்டுட்டு வரேன். உங்க கதைய நம்பி ஒக்காந்திருந்தா எழிலுக்கு அறுவதாம் கல்யாணந்தான் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு பலராமன் கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினான்.

சாயங்காலம் திரும்பி வந்தான். எழில் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்க்காமல் உள்ளே வந்து, தசரதன் பக்கத்தில் உட்கார்ந்தான். வள்ளி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடா சொன்னாங்க?"

"வேணாம்ட்டாங்கக்கா."

வள்ளி தலையிலடித்துக்கொண்டாள். "என்ன காரணமாம்?"

பலராமன் தசரதனைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"இதுவரைக்கும் வந்தவனெல்லாம் ஜாதகம் பொருந்தலன்னான், நெறம் கம்மின்னான், வயசு ஜாஸ்தின்னான். அத்தனையும் பொய்யின்னு தெரிஞ்சே நானும் வந்து உங்ககிட்ட சொன்னேன், நீங்களும் நம்பினீங்க. இந்தம்மாதான் நெசத்தச் சொல்லிச்சு. 'பசிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்ற பொண்ணு எங்க வீட்டுக்கு ஆவாது'ன்னு சொல்லிச்சு." அவன் வாசலில் இருந்த எழிலைத் திரும்பிப் பார்த்தான். "நடந்துருக்குது மாமா. நீங்க சொன்னது நெசமாவே நடந்துருக்குது."