தாரணிக்குக் கால் எட்டாத வண்டி

எல்லாரும் சௌக்கியமா? இந்த மழையில் யாருக்கும் சளி, காய்ச்சல் இல்லையே? இருந்தால் மிளகுக் கஷாயம் குடித்துவிட்டு வாருங்கள். கேட்டால் பற்றிக்கொண்டு வருகிற கதை இது.

தாரணிக்கு உயரம் ஐந்து அடி. திருப்பூர்க்காரி. பொம்மசந்திராவில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற மேலாளர். அவள் ஆசைப்பட்டு வாங்கிய பெரிய மோட்டார் சைக்கிளில் ஒரு வசதி இருந்தது. சிக்னலில் வேகம் குறைந்தால் ஷாக் அப்சார்பர் மின்சாரத்தில் தானாகவே அமுங்கி, சீட் கீழே இறங்கும். கால் தரையில் படும். கிளம்பினால் மறுபடி ஏறிக்கொள்ளும். அதற்காகத்தான் அந்த வண்டியையே வாங்கினாள்.

ஜூன் மாதம் அது இறங்குவதை நிறுத்திவிட்டது. ஒக்கலிபுரம் சிக்னலில் நிறுத்திக் காலை ஊன்றப் பார்த்தால், அடியில் தரை இல்லை! வண்டியோடு சாய்ந்தாள். பின்னால் வந்த ஆட்டோக்காரர் தூக்கிவிட்டார்.

முழங்கையில் மருந்து போட்டுக்கொண்டே கணவன் பாலகுமார் சொன்னான். "இன்னொரு தடவ விழுந்தா வித்துடலாம் தாரு. எனக்குப் பயமா இருக்கு."

"ரிப்பேர் பண்ணா சரியாயிடும். விக்கிற பேச்சே வேண்டாம்."

ஷோரூமில் சர்வீஸ் பார்க்கிற சுனில், வண்டியில் ஒரு வயரைச் சொருகினான். கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தான்.

"ஏனூ ப்ராப்ளம் இல்ல மேடம். பாருங்க, எல்லாம் பச்சை" என்றான் கன்னடம் கலந்த தமிழில்.

"பச்சையா இருந்து என்ன? சீட் இறங்கலையே."

"இறங்குது மேடம். சிஸ்டம் சொல்லுது."

"சிஸ்டமா விழுந்துச்சு? நான் விழுந்தேன். அளந்து பாருங்க."

அளக்க அங்கே ஒன்றும் இல்லை. காபி மெஷின் இருந்தது, சுவரில் மூன்று டிவி ஓடியது, ஓர் அளவு நாடா இல்லை. தாரணி தன் கைப்பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தாள். அவள் தொழிற்சாலையில் ஒரு காலர்கூட அளக்காமல் வெளியே போகாது. சுனிலையே வண்டியை ஒரு சுற்று ஓட்டிவந்து நிறுத்தச் சொன்னாள். மண்டியிட்டு அளந்தாள். அந்த ஆள் அத்தனை கனமாக உட்கார்ந்திருந்தும், வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்ததைவிட சீட் ஒன்றரை இன்ச் மேலே நின்றது.

"டேப் அளவெல்லாம் சிஸ்டத்துல ஏறாது மேடம். எரர் வந்தாத்தான் கம்பெனி ஒத்துக்கும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "உங்க ஹைட்டுக்கு ஸ்கூட்டர் நல்லா இருக்கும். ஓட்டிப் பாக்குறீங்களா?"

தாரணிக்குக் காது சூடாகிவிட்டது.

"தம்பி, சட்ட சின்னதாப் போச்சுன்னா எங்களுக்குச் சட்டையத்தான் திருப்பி அனுப்புவாங்க. போட்டவன்கிட்ட கைய வெட்டிக்கோன்னு சொல்ல மாட்டாங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு நேராக நீலசந்திராவுக்குப் போனாள். அங்கே டேரில் என்கிற மெக்கானிக்கின் ஷெட். அவர் எந்த வயரையும் சொருகவில்லை.

"ஏறி உக்காரு மா. டெய்லி போடுற ஷூ, ஹெல்மெட், சாப்பாட்டுப் பை, எல்லாத்தோட."

இத்தனை நாளில் அவளை ஏறி உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான். உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து குறித்துக்கொண்டார்.

"வயர் இல்லாத ஷாக் வரவழைக்கிறேன். நீளம் கம்மி. உன் கனத்துக்கு ஏத்தாப்ல ஒரு தடவ கையால திருகி வெச்சுக்கணும். ஏறி இறங்குற மேஜிக் எல்லாம் கெடையாது, எப்பவும் ஒரே உயரம்."

"அதான் சார் வேணும்."

மூன்று வாரத்தில் மாட்டினார். பின்பக்கம் மட்டும் இறங்கினால் ஹேண்டில் சொன்னபடி கேட்காது என்று முன்பக்கத்தையும் அதே அளவு இறக்கினார். சைடு ஸ்டாண்டில் ஓர் இன்ச் வெட்டினார். தாரணி ஏறி உட்கார்ந்தாள், கால் தரையில் பட்டது. சாவியைத் திருப்பியதும் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பழைய ஷாக்கக் காணோம்னு கத்துது. ஒரு சின்ன பிளக் மாட்டினா ஏமாந்து கம்முனு கெடக்கும். மாட்டவா?"

"வேண்டாம் சார். ஷாக் செத்துக் கெடந்தப்போ எல்லாம் பச்சைன்னுச்சு. இப்பத்தான் முதல் தடவையா உண்மை பேசுது. எரியட்டும்."

டேரில் சிரித்த சிரிப்பில் ஸ்பானர் கை நழுவிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஷோரூமிலிருந்து போன். ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"ரக்ஷா பேசுறேன் மேடம். எங்க சர்வீஸுக்குப் பத்துக்கு எவ்ளோ குடுப்பீங்க? பத்தே குடுத்துடுங்க மேடம், ஒம்போதுன்னா சுனில் சாரக் கேள்வி கேப்பாங்க."

தாரணி வாயைத் திறந்தாள். வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, "நீ எவ்ளோ உயரம் மா?" என்றாள்.

"அஞ்சு அடி ஒண்ணு, மேடம். ஏன்?"

"அங்க நிக்குற பெரிய வண்டில ஏதாவது ஒண்ணுல ஏறிப் பாத்திருக்கியா?"

"இல்ல மேடம். எனக்கெல்லாம் எட்டாதுன்னு சொல்லிட்டாங்க."

"சுனிலுக்கு முட்டை போட்டுக்கோ. ஞாயித்துக்கிழமை நீலசந்திராவுல டேரில் ஷெட்டுக்கு வா, என் வண்டில உக்காரு. எட்டுதா இல்லையான்னு நீயே சொல்லு."

போனை வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

கண்ணுங்களா, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, உங்ககிட்டதான் கோளாறு" என்று உங்களையும் யாராவது திருப்பி அனுப்பியிருப்பார்களே! எந்தச் சாமான், என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன கேட்டீர்கள்? ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்.