உறையின் மேல் இரண்டெழுத்து

மலேசியாவில் பல்கலைக்கழகம் போக எழுதும் எஸ்டிபிஎம் தேர்வுக்கு முதல் நாள்தான் அந்த அரசாங்க உறை வந்தது. தபால்காரரிடம் வாங்கியவள் வீட்டுக்காரி சீதாலெட்சுமி. ரமணி துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தபோது அவள் உறையைப் பிரிக்காமல் முகவரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரமணி ஏ/எல் அய்யாவுன்னு, மகன்னு போட்டிருக்கே. பொண்ணுன்னா மகள்னு ஏ/பி தானே வரணும்? தப்பா அடிச்சிட்டானுங்களா?"

ஆமாம் ஆன்டி, தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ரமணிக்குக் கிள்ளான் பள்ளியின் ஆண்கள் விடுதியில் பையன்களுக்குப் பயந்து விடியுமுன் எழுந்து குளித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அவளுடைய பெட்டியில் கிடைத்த பாவாடையை வார்டன் எல்லோர் முன்னிலும் தூக்கிக் காட்டினார். மறுவாரமே விடுதியும் போயிற்று, பள்ளியும் போயிற்று. சொந்த ஊரான காப்பாரில் அப்பா கதவைத் திறக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் இந்த அறை கிடைத்த பிறகுதான் அவள் தனித்தேர்வராகப் பதிந்துகொண்டு நிம்மதியாகப் புத்தகத்தைத் திறந்தாள். முடி வளர்த்தாள். இந்த வீட்டுப் பெண் இந்திராவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒன்பது மாதம் யாரும் அவளை எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தப்பில்ல ஆன்டி."

சீதாலெட்சுமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அறை வாசலில் வந்து நின்ற இந்திராவை "உள்ள போ" என்று அதட்டினாள். பிறகு குரல் இறங்கியது.

"நீ நல்ல பிள்ளதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா வயசுக்கு வந்த பொண்ணு இருக்கற வீடு லா இது. நாளைக்கு பரீட்சைக்குப் போறப்பவே பையையும் எடுத்துக்கிட்டுப் போயிடும்மா."

அப்போதும் 'அம்மா' என்றுதான் வந்தது அவள் வாயில்.

மறுநாள் தேர்வு மண்டப வாசலில் மேற்பார்வையாளர் மீனாட்சிசுந்தரம் அடையாள அட்டைப் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐசியில இருக்கற மாதிரி வந்தாத்தான் உள்ள விட முடியும். முடிய வெட்டிட்டு வா. அரை மணி நேரம் இருக்கு."

"சார், படிச்சது நான்தான் சார்."

"ரூல் லா. நான் என்ன பண்றது?"

எதிர்வரிசையில் சின்னையாவின் முடிதிருத்தும் கடை அப்போதுதான் திறந்திருந்தது. அவர் துண்டை உதறியபடி, "பொம்பளைங்களுக்கு வெட்றதில்லம்மா" என்றார்.

ரமணி பையைக் கீழே வைத்தாள். சொல்லப்போவதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"நான் பொம்பள இல்லண்ணே."

நேற்று வாயில் வராத பொய் இன்று வந்துவிட்டது. கண்ணாடியைப் பார்க்காமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். சின்னையா துண்டை அவள் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினார். கத்தரி ஓடத் தொடங்கியது.

மணியடித்துப் பத்து நிமிடம் கழித்து அவளை உள்ளே விட்டார்கள். பை வெளியே சுவரோரம் நின்றது. அடுத்த தாள் வியாழக்கிழமை. அதுவரை எங்கே தங்குவது என்று தெரியாது. முதல் கேள்வி அவளுக்கு நன்றாகத் தெரிந்த கேள்விதான். எழுதக் குனிந்ததும் கழுத்தில் ஒட்டியிருந்த துண்டு முடிகள் விடைத்தாளில் உதிர்ந்தன. ஊதினாள். மறுபடி உதிர்ந்தன. பிறகு ஊதுவதை விட்டுவிட்டு அவற்றின் மேலேயே எழுதிக்கொண்டு போனாள்.