காத்திருக்கச் சொல்லும் குரல்

"ஒரே ஒரு வரிதான்க்கா, பதிவு பண்ணிக் கொடுத்தா போதும். வேற யாரையோ பேச வச்சுப் பாத்தாங்க, உங்க குரலோட ஒட்டவே இல்ல" என்று குருவி சொல்லிக்கொண்டே போக, அவள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஈரத்துணியை உதறினாள்... போன மாதம் வரை வாடிக்கையாளர் சேவை மையத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் குருவி, சேர்ந்த புதிதில் யாராவது போனில் திட்டினால் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து அழுவாள், இவள்தான் காலால் மெல்லத் தட்டி, வெளிய வாடி, திட்டினவன் வச்சுட்டுப் போயிட்டான் என்பாள், இப்போது எவ்வளவு பக்குவமாகக் கேட்கிறாள், இந்தப் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தது யார், நானேதானோ... என்ன வரி என்றாள். "கோவிச்சுக்காதீங்க... 'புகார்ப் பிரிவு இனி இயங்காது, உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'" புகார்ப் பிரிவு என்றால் அவள்தானே, அவளும் அவளோடு ஒரே மத்தியானத்தில் வேலையைவிட்டு அனுப்பப்பட்டவர்களும், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று வருடா வருடம் கேக் வெட்டினார்களே, எந்தக் குடும்பத்தில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு வாசல் வரை காவலாளியைத் துணைக்கு அனுப்புவார்கள்... முடியாதுன்னா? என்றாள். "உங்க பழைய பதிவு மொத்தத்தையும் அழிச்சிட்டு மெஷின் குரல் போட்டுருவாங்கக்கா."

மொத்தத்தையும். மகள் வயிற்றில் இருந்தபோது பதிவுசெய்தது அந்தக் குரல், கம்பெனிக்குப் போன் செய்கிறவர்களைக் காத்திருக்கச் சொல்வது, நன்றி என்று சொல்லும் இடத்தில் உள்ளே ஓர் உதை, மூச்சு லேசாகத் தடுக்கும், அவளுக்கும் கணவருக்கும் மட்டுமே தெரியும், வெளியூர் போனால் வேண்டுமென்றே அந்த எண்ணுக்கு அடித்துக் கேட்டுவிட்டு, வீட்ல ஒருநாளாவது இவ்ளோ மரியாதையா பேசியிருக்கியா என்பார், நேற்றுகூட, உன்னை அனுப்பினவங்க உன் குரலை அனுப்ப மறந்துட்டாங்க, அதுக்காவது சம்பளம் கேளு என்று சிரித்தார், சிரித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்... "இருங்கக்கா, மேனேஜர் கூப்பிடறார்." குருவி காத்திருப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள், கொஞ்சம் இசை, பிறகு இவளுடைய பழைய குரலே, தயவுசெய்து காத்திருங்கள், உங்களைக் கவனித்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்... எவ்வளவு நம்பிச் சொல்கிறாள் இந்தப் பெண், யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிப்பது போலவே இல்லையே, இவளிடம் போய் எப்படிச் சொல்வது, அந்த வரியை உன்னையும் சொல்லச் சொல்கிறார்களடி என்று... அந்த நன்றி வந்தது, அந்தச் சின்னத் தடுக்கல், கையில் மகளின் பள்ளிச் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது, வேறு குரல் ஏன் ஒட்டவில்லை என்று இப்போது புரிகிற மாதிரி இருந்தது, அவர்களுக்கு வேண்டியது வரி இல்லை, இந்தக் கனிவு, கதவைச் சாத்தும்போதும் இதே கனிவு...

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? சும்மா ஒரு தடவை அந்த வரியைச் சொல்லிக் காட்டுங்களேன், நான் மட்டும்தான் கேக்கறேன்."