நோபெலியத்துக்கு இரண்டு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. 1973இல் திருப்பூர்க் கடைவீதியில் ஒரு கல்லூரி வேதியியல் பாடநூலைப் புரட்டினேன். ‘கரைசலில் நோபெலியத்தின் நிலையான இணைதிறன் இரண்டு’ என்றிருந்தது. எழுதியவர் யாரென்று அட்டையைப் பார்த்தேன். அந்த ஆளேதான்!

மழை கொட்டிய ஒரு மாலையில் அவள்

(வேண்டாம். மழையெல்லாம் இல்லை. ஜூன் மாத வெயில், 1970.)

2

சாரதாமணி வேலம்பாளையத்துக்காரி, எம்.எஸ்ஸி. வேதியியல். அப்பா பட்டறையில் பனியன் துணி வெளுப்பவர். எங்கள் கல்லூரிக்கு விரிவுரையாளர் நேர்காணலுக்கு வந்தாள். மூலையில் உட்கார்ந்து குறிப்பெழுதிய குமாஸ்தா, அர்த்தநாரி, நான்தான்.

“கரைசல்ல நோபெலியத்தோட இணைதிறன்?” என்றார் வெளியூர் நிபுணர்.

“ரெண்டுங்க சார்.”

“மூணு. கடைசி ஆக்டினைடு தனிமம் எல்லாமே மூணு.”

“இது மட்டும் அப்படியில்லீங்க சார். எஃப் கூட்டுல பதினாலு எலக்ட்ரானும் நெறஞ்சிருக்குது. அதை உடைக்காம ரெண்டோட நின்னுக்குதுங்க. அந்த அணு நிலைக்கறதே சில நிமிசம். அதுக்குள்ள சோதனை பண்ணிட்டாங்க, ரெண்டு வருசமாச்சு. இணைதிறன் ரெண்டு இருக்கற கால்சியம் போற வழியிலதான் இதும் போச்சுங்க. ஆராய்ச்சிப் பத்திரிகையைப் பாத்து எழுதிட்டு வந்திருக்கேனுங்க.”

தாளை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“வெளுக்கிற பட்டறையிலிருந்து வந்து எனக்குப் பாடம் நடத்துறியா?”

தேர்வுக் குழுவே சிரித்தது.

(அவரைக் கொஞ்சம் மனிதராகக் காட்டலாமே என்று, அன்று அவருக்குத் தலைவலி என எழுதினேன். அடித்துவிட்டேன். தலை வலித்தால் கையுமா நீளாது?)

“அடிப்படையே தெரியலைன்னு எழுதுய்யா,” என்றார். எழுதினேன்.

3

வேலை அவர் கைகாட்டியவருக்குப் போனது. சாரதாமணி, அப்பா இருந்த பட்டறையிலேயே பிளீச்சிங் பவுடரின் வீரியம் சோதிக்கச் சேர்ந்தாள். மூன்று வருடம் கழித்து, அந்த நிபுணரே எழுதிய பாடநூலோடு அங்கே போனேன்.

முடிவு ஒன்று: புத்தகத்தைத் தொட்டிக்குள் வீசுகிறாள். (சினிமா.)

முடிவு இரண்டு: சிரித்து மன்னிக்கிறாள். (அயோக்கியத்தனம். யாருக்குச் சௌகரியமான மன்னிப்பு இது?)

முடிவு மூன்று: கல்லூரி அவளைத் திரும்ப அழைத்து

நடந்தது இது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அந்த வரியை இரண்டு தரம் படித்தாள்.

“அவரு பண்ணுனது எனக்குப் புரியுதுங்க. ‘அந்தப் புள்ள எழுதிட்டு வந்ததை ஒருக்காப் பாருங்க’ன்னு நீங்க ஏனுங்க சொல்லல?”

என் பதிலை ஏழு முறை எழுதி அடித்துவிட்டேன். ஏழிலும் என் குடும்பம், என் உத்தியோகம். நீங்களும் எங்காவது ஓர் அறையில், சொன்னதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அவள் இன்னும் என் முகத்தையே பார்க்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.