கடைசிக் கம்பத்து வோல்டேஜ்

மின்வாரிய உதவிப் பொறியாளர் ரகுபதி காலையிலிருந்து மனுக்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். 1974, மின்வெட்டும் வோல்டேஜ் குறைவும் மும்முரமாக இருந்த வருஷம். அவர் பகுதிக்குச் சிறிய டீசல் ஜெனரேட்டர் ஒன்றே ஒன்று ஒதுக்கியிருந்தார்கள். அதை எந்த இடத்தில் வைத்து மின்கம்பியோடு இணைப்பது என்று வெள்ளிக்கிழமைக்குள் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

துணைமின் நிலையத்தை ஒட்டிய வக்கீல்கள் தெருவிலிருந்து மட்டும் நாற்பத்தொரு மனுக்கள். மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறதாம். அதே கம்பி போய் முடிகிற கொருக்குப்பேட்டை ரயில்பாதைச் சந்திலிருந்து ஒன்றுகூட இல்லை. மனு இல்லாத இடத்தில் குறையும் இல்லை என்பது அந்த அலுவலகத்தின் நம்பிக்கை. ரொம்பச் சௌகரியமான நம்பிக்கை. ரகுபதியும் வக்கீல்கள் தெருவைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டார்.

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி. கடைசிக் கம்பத்தில் மாலைநேர வோல்டேஜ் எவ்வளவு?

"இருநூத்திப் பத்துன்னு போட்டுக்கோ சார். நானு எப்பவும் அப்டித்தான் எழுதுவேன்," என்றார் லைன்மேன் இக்னேஷியஸ். "ரயில்வே கேட்டு மூடிக்கினா அந்தாண்ட போய்வர்றது பெரிய பேஜாரு."

கையெழுத்து தன்னுடையது என்பதால் ரகுபதிக்கு மனசு ஒப்பவில்லை. மாலை ஆறரைக்கு இருவரும் வோல்ட்மீட்டரோடு அந்தச் சந்தில் நின்றார்கள். கடைசிக் கம்பத்து வீட்டில் பதுருன்னிசா என்ற பெண், துணியை மூக்குவரை தூக்கிப் பிடித்துப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் நூறு வாட் பல்பு. அதற்குள் இருக்கும் இழை மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. மீட்டர் நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. இருக்க வேண்டியது இருநூற்று முப்பது.

"எவ்வளவு நாளா இப்படி எரியுதும்மா?" என்று கேட்டார் ரகுபதி.

"எப்பவும் இப்டித்தான் கீது சார். பல்பு கடைக்காரனுங்க ஏமாத்துறானுங்க. நாப்பது வாங்கினேன், அறுவது வாங்கினேன், இப்ப நூறு. மூணு கடை மாத்திட்டேன். எல்லாம் கலீஜ் சரக்கு." ஊசியில் நூல் கோக்க முயன்று தோற்றாள். "தையல் கோணிக்கினு கீதுன்னு, துணி குடுக்கிற மேஸ்திரி ரெண்டு வாட்டி திருப்பிட்டாரு. இன்னொரு வாட்டி கோணினா வேலை கெடையாதுன்னுட்டாரு."

"எங்களுக்கு ஒரு மனு போட்டிருக்கலாமே?"

"பல்பு சரியில்லன்னா உங்களுக்கு எதுக்கு சார் மனு?"

ரகுபதிக்கு வெட்கமாக இருந்தது. இக்னேஷியஸ் குனிந்து மீட்டரைப் பையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி படிவத்தைப் புரட்டினார். ஜெனரேட்டருக்குச் சந்து முனையில், கூட்ஸ் யார்டு மதிலோரம் இடம் குறித்திருந்தது.

"டீசல் லாரி வந்துபோக வக்கீல்கள் தெருப் பக்கம்தானே வசதி? அந்தச் சந்துலேருந்து ஒரு மனுகூட வரலையே?"

"வசதி நமக்குத்தான் சார். கம்பி முடியற இடத்துலதான் வோல்டேஜ் விழுது. அங்க வச்சா, வழியில இருக்கிற வீடுகளுக்கும் கொஞ்சம் ஏறும். நல்ல வெளிச்சத்தையே பார்க்காதவங்க, இது குறைன்னு எப்படி மனு எழுதுவாங்க?"

அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஜெனரேட்டர் வந்து ஓடத் தொடங்க ஒன்றரை மாதம் ஆனது. முதல் நாள் மாலை ரகுபதியும் இக்னேஷியஸும் மறுபடி போனார்கள். வீடு பளிச்சென்று இருந்தது. பதுருன்னிசா சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"வெளிச்சம் நல்லா கீது சார். தைக்கத்தான் துணி இல்ல. போன வாரமே மேஸ்திரி நிறுத்திட்டாரு."

திரும்பும்போது கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி கடந்து போனது. இக்னேஷியஸ் சொன்னார்:

"நானு ஒரே ஒரு நாளு இந்த கேட்டாண்ட நின்னு, தாண்டிப் போய்ப் பாத்திருந்தா அந்தம்மா வேலை போயிருக்காது சார். கேக்காதவங்களுக்குக் கொறையே இல்லன்னு நெனச்சோம் பாரு, அதான் நாம பண்ண தப்பு."